கட்டிலோரம் ஒட்ட ஒரு படம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் வாய்தான். சில மாதங்களுக்கு முன் இதே தளத்தில் ஓர் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். ஓவியர் வெற்றுத் தாளில் தொடங்குகிறார், புகைப்படக்காரருக்கோ எல்லாமே எதிரில் தயாராக நிற்கிறது, பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி, அதைப் போய்க் கலை என்பது கொஞ்சம் அதிகம் என்று. கட்டுரையின் மற்ற பகுதியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் வந்து விழுந்தன பின்னூட்டங்கள்.

திட்டு வாங்குவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் பெரம்பலூரிலிருந்து ஒரு பெண் திட்டாமல் எழுதியிருந்தார். பெயர் நஸ்ரின். சொந்த ஊர் லெப்பைக்குடிகாடு, பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார், கல்யாணப் படங்கள் எடுப்பதுதான் பிழைப்பு. "ஒரு நாள் என் கூட வேலைக்கு வாங்க அக்கா. சாப்பாடு என் பொறுப்பு. அதுக்கப்புறமும் இதையே எழுதுனீங்கன்னா நான் கம்முனு இருந்துக்கிறேன்" என்று எழுதியிருந்தார். இப்படிக் கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பது? மாசி தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தாம்பரத்தில் ரயில் ஏறினேன்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. நேரே போக வேண்டுமென்றால் கிளாம்பாக்கத்திலிருந்து திருச்சி பஸ்ஸில் ஏறிப் புறவழிச் சாலையில் இறங்கலாம், ஐந்தரை மணி நேரம் ஆகும். என் முழங்காலுக்கு அது ஒத்துவராது. அதனால் அரியலூருக்கு ரயில், நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. இரவு அரியலூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அறை சுத்தம், ஆனால் சுண்ணாம்புக்கல் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. சாலைப்பக்கம் அறை எடுக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நஸ்ரின் ஒரு பழைய வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பேச ஆரம்பித்தால் மூச்சு விடாத ரகம். பின் சீட்டில் குடை, விளக்கு, கேமரா பைகள். உட்கார்ந்த உடனே சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். அவரோ அன்றைய வேலையைப் பற்றித்தான் பேசினார்.

வேலை இதுதான். தா.பழூர் பக்கத்தில் செல்வகுமார் என்றொரு பையன், சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். தை மாதம்தான் கல்யாணம் ஆனது. ஞாயிறு இரவு திருச்சியில் விமானம், அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. கல்யாண ஆல்பம் வேறொரு இடத்தில் எடுத்தது. அதில் மனைவி ரேவதியின் நிறத்தை ஏற்றி ஏற்றி வெள்ளைக்காரியாக்கிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் அது வழக்கம், யாரும் கேட்காமலே செய்வது, செய்யாவிட்டால்தான் கேட்பார்கள். நஸ்ரினும் செய்திருக்கிறார், அதை மறைக்கவில்லை. "கொஞ்சம் கலரா போடுங்கன்னு பொண்ணு வூட்டுக்காரங்களே வந்து நிப்பாங்க அக்கா, என்ன பண்ணச் சொல்றீங்க" என்றார்.

செல்வகுமார் கேட்டது ஒரே ஒரு படம். தங்கும் இடத்தில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர், மேலும் கீழுமாகக் கட்டில்கள். போனில் படங்கள் ஆயிரம் இருந்தாலும் தேடித்தான் பார்க்க வேண்டும். கண் விழித்ததும் எதிரில் தெரிகிற மாதிரி கட்டிலோரச் சுவரில் ஒட்டிக்கொள்ள ஒன்று வேண்டும், அதில் ரேவதி ரேவதியாக இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு அதுதான். ஒரே நாளில் எடுத்து அன்று இரவே அச்சுப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். முந்திரித் தோப்புகளைத் தாண்டியதுமே கோயில் விமானம் தெரிந்துவிடுகிறது. எட்டு மணிக்குள் போய்விட்டோம். நுழைவுக் கட்டணம் இல்லை. கையில் பிடித்துப் படம் எடுக்கலாம், ஸ்டாண்டு வைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். காவலர் நஸ்ரினின் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

தம்பதி வர அரைமணி நேரம் இருந்தது. நான் என் போனில் விமானத்தை எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நஸ்ரின் வடக்குப் படிக்கட்டு ஓரம், சண்டேசருக்குச் சிவன் மாலை சுற்றும் சிற்பத்துக்கு முன்னால் சும்மா நின்றிருந்தார். எடுக்கவில்லையா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அந்தப் பக்கம் வெயில் நேராக விழவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிரிலிருந்த கல் தரையில் வெயில் ஏற, அங்கிருந்து தெறித்த வெளிச்சம் சுவரில் மெதுவாகப் பரவியது. சிவனின் விரல்கள் மாலையைப் பிடித்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது எனக்கு வெறும் கை. அவர் ஒரு தடவை அழுத்தினார், காட்டினார். முழுச் சிற்பம்கூட இல்லை, குனிந்த தலையும் அந்த விரல்களும் மட்டும். மனுஷர் ஒருவர் இன்னொருவருக்குத் தலை துவட்டிவிடுகிற மாதிரி இருந்தது.

"எல்லாம் எதுக்க இருக்குதுன்னு எழுதுனீங்களே, இருக்குதுதான் அக்கா. அதான் கஷ்டம். எதை விடுறதுன்னு நாமதான முடிவு பண்ணணும்" என்றார். நான் போனில் எடுத்த படத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன்.

பைக்கில் வந்து இறங்கினார்கள் இருவரும். செல்வகுமார் ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்தான். என்னை "அம்மா" என்றான். நஸ்ரின் அக்கா, நான் மட்டும் அம்மா. போகட்டும். ரேவதியைப் பார்த்ததும் நஸ்ரினின் முகம் சுருங்கியது. மாமியார் விடியற்காலையிலேயே ஜெயங்கொண்டம் பார்லருக்கு அனுப்பி, முழு மேக்கப் போட்டு அனுப்பியிருந்தார். படம் எடுக்கப் போகிற மருமகள் சும்மா போகலாமா? அந்த அம்மாவின் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்.

நஸ்ரின் எதுவும் சொல்லாமல் இரண்டு படம் எடுத்து, கேமராவின் பின்பக்கத்தைச் செல்வகுமாரிடம் காட்டினார். அவன் உற்றுப் பார்த்தான். "ஆல்பத்துல இருக்குறவங்கதான் இவங்க. நான் கட்டிக்கிட்டது வேற பொண்ணுக்கா" என்றான். ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்ப் பெட்டிக்கடையில் சோப்பும் ஒரு சின்னத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, வெளியே இருந்த குழாயடியில் உட்கார்ந்து கழுவு கழுவு என்று கழுவினாள். மாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்ற பயம் ஒரு பக்கம். இருந்தும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எனக்கே ஒரு நிம்மதி. நல்ல கருப்பு, கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று, குறும்பான கண்.

அதோடு சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. கேமராவைத் தூக்கினால் போதும், அந்தக் குறும்பு எங்கேயோ போய்விடுகிறது. கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்கிறது, தாடை இறங்குகிறது, ஆதார் அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறாள். பேசும்போது ஒருத்தி, படத்தில் வேறொருத்தி. ரேவதி சொன்ன காரணம் எளிமையானது. பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவிலிருந்து பெண் பார்க்க அனுப்பிய படம் வரைக்கும், ஒவ்வொரு தடவையும் யாராவது வெளிச்சத்தில் நில், தலையைக் குனியாதே, பவுடர் போட்டியா என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள். பெண் இருக்கிற வீடுகளில் படம் என்பது யாரிடமோ காட்டி ஒப்புதல் வாங்குகிற சமாச்சாரம். இந்தப் பெண்ணுக்குக் கேமரா என்றாலே பரீட்சை. பத்து மணிக்கு நஸ்ரின் கேமராவை மூடிவிட்டார். பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊருக்குப் போகலாம், சாயங்கால வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பைக்கைக் கோயில் எதிரே ஒரு கடையில் விட்டுவிட்டு அவர்களும் காரில் ஏறிக்கொண்டார்கள். ஜெயங்கொண்டத்தில் மதியச் சாப்பாடு, ஆளுக்கு நூறு ரூபாய், வத்தக்குழம்பு பிரமாதம். அரியலூர் வழியாகக் கொளக்காநத்தம் வந்து காரைக்குத் திரும்ப வேண்டும். மொத்தம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள், லாரிகள் உங்கள் கணக்கைக் கொஞ்சம் மாற்றும்.

வழியெல்லாம் ரேவதி பேசிக்கொண்டே வந்தாள். தனியார் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். முப்பது பிள்ளைகளை மேய்ப்பதைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல நஸ்ரின் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இடையில் கண்ணாடி வழியாகப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பார். அவருடைய வேலை அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

காரையை எப்படிச் சொல்வது? பச்சை வயல் முடிகிறது, திடீரென்று செடி கொடி எதுவுமில்லாத களிமண் மேடுகள். மழை அறுத்து அறுத்து ஓடிய ஓடைகள் நூற்றுக்கணக்கில். காவியும் சாம்பலும் கலந்த நிறம். ஒரு காலத்தில் இது கடலடி. காலடியில் விரல் நீளத்தில் உருளையாகக் கற்கள் கிடக்கின்றன, கணவாய் மாதிரியான ஏதோ பிராணியின் உடலுக்குள் இருந்த தண்டு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சேற்றில் படிந்த ஓர் உடல், இத்தனை கோடி ஆண்டு கழித்தும் தன் அச்சை விட்டுவைத்திருக்கிறது. இதுவும் ஒரு வகையில் படம்தான், எடுத்தவர் யாரும் இல்லாத படம் என்று நஸ்ரினிடம் சொன்னேன். "அப்ப இது கலை இல்ல, பதிவு. ஒங்க கட்சி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீங்களும் வைத்துவிடுங்கள், பைக்குள் போட வேண்டாம்.

நான்கரைக்கு மேல் வெயில் சாய ஆரம்பித்தது. அந்த நேரத்து வெளிச்சத்தில் ஒவ்வொரு ஓடையும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது. மத்தியானம் தட்டையாகத் தெரிந்த மண்ணா இது என்றிருந்தது. நஸ்ரின் ரேவதியை ஒரு மேட்டில் உட்கார வைத்தார், நடக்கச் சொன்னார், செல்வகுமாரைப் பார்க்கச் சொன்னார், என்னைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. அதே பரீட்சை முகம். செல்வகுமார் ஆடிக் காட்டினான், பாடிக் காட்டினான். அவள் சிரித்தாள், கேமரா நிமிர்ந்ததும் சிரிப்பு நின்றது. ஐந்தரை ஆகிவிட்டது. ஆறேகாலுக்குச் சூரியன் போய்விடும். "விடுங்கக்கா, எனக்குப் படம் ராசி இல்ல" என்று அவள் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. செல்வகுமார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி என்று எழுதிய மேதாவி அங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

நஸ்ரின் கழுத்தில் மாட்டியிருந்த கேமராவைக் கழற்றி ரேவதியின் கையில் கொடுத்தார். செல்வகுமாரைக் காட்டி, இவரை நீ ஒன்று எடு, உனக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு படம் வேண்டாமா என்றார். எங்கே அழுத்துவது என்று மட்டும் காட்டினார்.

ரேவதி கேமராவைக் கண்ணில் வைத்தாள். முதலில் தயங்கினாள். பிறகு அவளுக்குள்ளிருந்த யு.கே.ஜி. டீச்சர் வெளியே வந்தாள். "ஏங்க, கைய மடக்காதீங்க. அந்தப் பக்கம் நவுருங்க. பல்லக் காட்டாதீங்க, சும்மா நில்லுங்க போதும்." செல்வகுமார் சொன்னபடியெல்லாம் நகர்ந்தான். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால். அவள் ஒரு அடி பின்வாங்கி, மூச்சை அடக்கி, அழுத்தினாள். எப்படி வந்தது என்று தெரியாமல், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே கேமராவை இறக்கி அவனைப் பார்த்தாள்.

அந்த நொடியில் நஸ்ரின் தோளில் தொங்கிய இன்னொரு கேமராவில் அவளை எடுத்துவிட்டார். பக்கவாட்டில் நான்கைந்து அடி தள்ளி எப்போது போய் உட்கார்ந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. ஒரே ஒரு படம். காட்டினார். நெற்றியில் வியர்வை, காதோரம் பிரிந்த முடி, கன்னத்துத் தழும்பு, பாதி சுருங்கிய கண், எதையோ பிடித்துவிட்ட பெருமை. குழாயடியில் நிமிர்ந்த அதே பெண். எதிர் மேட்டில் பட்டுத் தெறித்த மாலை வெளிச்சம் அந்தக் கருத்த முகத்தில் நின்ற அழகை என்னால் எழுத முடியவில்லை, எழுத்துக்காரி என்று பெயர். நஸ்ரினின் கையைப் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டு, அவள் எங்கே அவளாக இருக்கிறாள் என்று தேடி, கடைசியில் அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பொத்தான் கடைசியில்தான் வருகிறது. என் பழைய வரியை நான் வாபஸ் வாங்கியது காரை மண்ணில், ஐந்தே முக்கால் மணிக்கு.

கதை இதோடு முடிந்திருந்தால் நஸ்ரினுக்கு முழு வெற்றி.

பெரம்பலூர் இருபத்தைந்து கிலோமீட்டர். ஏழு மணிக்கு அவருடைய ஸ்டுடியோவில் இருந்தோம், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் ஒரு சின்ன அறை. டீ வந்தது. பெரிய திரையில் ரேவதியின் முகத்தைப் போட்டார் நஸ்ரின். ரேவதி தன்னையே வெகுநேரம் பார்த்தாள். "நான் இப்படியா இருக்கேன்" என்று கேட்டாள். செல்வகுமாருக்குக் கண் கலங்கியிருந்தது.

அச்சுக்குப் போகும் முன் நஸ்ரின் மற்ற படங்களை ஓட்டினார். ரேவதி எடுத்த படம் வந்தது. அடிவானம் சாய்ந்திருந்தது. செல்வகுமாரின் தலை மேல் விளிம்பை இடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்ததால், எடுத்தவளின் நிழல் நீளமாகக் காவி மண்ணில் விழுந்து அவன் கால் வரைக்கும் போயிருந்தது. தூக்கிய முழங்கைகள், காற்றில் பறந்த முந்தானை எல்லாம் அந்த நிழலில் தெரிந்தன. தொழிலில் இருப்பவர்கள் முதல் வாரத்திலேயே திருத்திக்கொள்கிற தப்பு இது. "நிழல் விழுந்துடுச்சு, இது வேணாம்" என்று சொல்லி நஸ்ரின் அழிக்கப் போனார்.

"இருங்கக்கா" என்றான் செல்வகுமார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். "சுவத்துல ஒட்டுறதுக்கு இதக் குடுங்க."

நஸ்ரினுக்குப் புரியவில்லை, எனக்கும்தான். நாள் முழுக்க அலைந்தது அவள் முகத்துக்காக. இதில் இருப்பது அவன் முகம். அவன் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"ரூம்ல பன்னெண்டு பேருக்கா. அவ மூஞ்சிய ஒட்டுனா போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான், ஏதாச்சும் சொல்லுவான். இதப் பாத்தா நான் நிக்கிற போட்டோன்னு நெனச்சிக்குவானுங்க. அவ இதுல இருக்கான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்."

ரேவதி அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, முகம் இருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். "அத நான் வூட்ல, கூடத்துல மாட்டிக்கிறேன். அந்த வெள்ளப் போட்டோவ எடுத்துட்டு. வர்றவங்க என்னயப் பாக்கட்டும்" என்றாள். மாமியாரிடம் யார் சொல்வது என்று செல்வகுமார் கேட்க, நான்தான் என்றாள். டீச்சர் குரல்.

நஸ்ரின் ரேவதி எடுத்த படத்துக்குத் திரும்பினார். அடிவானத்தை நேராக்கலாம் என்று ஒரு கோடு போட்டார், வேண்டாம் என்று அழித்தார். எதையும் தொடவில்லை. அவர் அச்சிடும் எல்லாப் படங்களிலும் கீழ் மூலையில் ஸ்டுடியோ பெயர் சின்னதாக விழும். ரேவதியின் முகம் உள்ள படத்திலும் விழுந்தது. இதில் மட்டும் அதை நீக்கினார். நான் ஏன் என்பது போலப் பார்த்தேன். "எடுத்தது நான் இல்லையே அக்கா" என்றார். பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அவரை நான் அன்று அதிகமாக மதித்தது அந்த இடத்தில்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் செட்டிகுளம் போய், மலையேறி, கரும்பு பிடித்த முருகனைப் பார்த்தேன். உள்ளே படம் எடுக்கக் கூடாது. எடுக்க முடியாத இடத்தில் நின்று பார்ப்பதும் நல்ல பயிற்சி என்று இப்போது தோன்றுகிறது. மேலிருந்து பார்த்தால் மக்காச்சோளக் காடுகள் கண்ணுக்கெட்டிய வரை. அன்று இரவு செல்வகுமார் விமானம் ஏறிவிட்டதாக நஸ்ரின் தகவல் அனுப்பினார்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல பருவம், பங்குனிக்கு மேல் வெயில் தாங்காது. கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள், கல்லும் சுடும். காரைக்குப் பஸ் குறைவு, பெரம்பலூரிலிருந்து வண்டி பேசிக்கொள்வது நல்லது. அங்கே கடை எதுவும் இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், களிமண் காலை விடாது. நேரம் இருந்தால் பக்கத்தில் சாத்தனூர் கல்மரத்தையும் பார்க்கலாம், அரைமணி நேரம் போதும்.

இன்னொன்று. காரையில் படம் எடுக்கச் சரியான நேரம் நான்கரைக்கு மேல். அப்போது வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு உங்களுக்கு வேண்டியவரை எடுத்தால், உங்கள் நிழலும் படத்துக்குள் வந்து விழும். ஒதுங்காதீர்கள், விழட்டும்.